மேஸ்திரியின் சிவப்புக் கையுறை

தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் ஒரு கையைத் தூக்கினால் போதும், கப்பல் கிரேன் அப்படியே நின்றுவிடும். பொய். என் கைக்கு ஷேர் ஆட்டோகூட நிற்காது. கிரேன் நின்றது எங்கள் மேஸ்திரியின் கைக்கு, அதிலும் அந்தச் சிவப்புக் கையுறைக்கு. சரக்கு இறக்கும்போது கப்பல் மேல்தளத்தின் விளிம்பில் நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுவதுதான் அவர் வேலை. கிரேன் கொக்கியில் பெரிய மரத்தடி அந்தரத்தில் ஆடும். அவர் உள்ளங்கையை விரித்தால் அப்படியே நிற்கும். நான் அங்கே டீ கொடுப்பவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன்; எழுதப் படித்ததெல்லாம் சரக்குப் பெட்டிகளைப் பார்த்துத்தான்.

வெயிலில் கருகுகிற புருஷனுக்கு நாற்காலி வேலை கிடைக்க வேண்டும் என்று அவர் மனைவி மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டே இருந்தார். கிடைத்தது. ஏசி அறை, கேட் பாஸ் அடிக்கிற வேலை, சம்பளமும் கூடுதல். சட்டை வெளுத்தது, முகம் கறுத்தது. வீட்டில் பேச்சே இல்லை. சோறு போதும் என்பதற்கும் உள்ளங்கையைத்தான் விரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அவர் மனைவி, எனக்கு அக்கா, என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நாந்தான் கேட்டு வாங்குனேன். இப்ப வேண்டாம், திருப்பி எடுத்துக்கோன்னு மாதாட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?”

“நான் கேக்கட்டுமாக்கா?”

“நீ கேட்டா உள்ளதும் போயிரும்.”

“அதத்தானக்கா நீங்களும் கேக்கீக?”

மறுநாள் டீத் தட்டோடு ஏசி அறைக்குள் போனேன். மேஸ்திரி கண்ணாடி வழியாகக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் மரத்தடி ஒன்று லேசாக ஆடியது. சட்டென்று அவர் கை உயர்ந்தது, உள்ளங்கை விரிந்தது. கிரேன் நிற்கவில்லை. நான் நின்றேன்.

“ஏம்ல அங்கனயே நிக்க?”

“நீங்கதான அண்ணாச்சி நிறுத்துனீக? டீ ஆறுது, எறக்கச் சொல்லுங்க.”

விரலைக் கீழே காட்டி, மெல்ல மெல்ல, தட்டை மேசையில் இறக்க வைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பாஸ் வாங்க நின்ற லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே சிவப்புக் கையுறை. மாட்டிக்கொண்டார். மாட்டிய கையோடு பழைய வேலையைக் கேட்கப் போனார்.

சம்பளம் குறைந்தது. அக்கா இன்னொரு மெழுகுதிரி ஏற்றினார். எதற்கு என்று கேட்டேன்.

“நா வாயத் தொறக்காமலே மாதா புரிஞ்சிக்கிட்டால்லா, அதுக்கு.”

இப்போது மேஸ்திரிக்குத் தலை நரைத்துவிட்டது. கையுறை மட்டும் புதுசு. பிடித்த வேலை செய்கிறவன்தான் சந்தோஷமாக இருப்பான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் டீ போடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. குடிக்க வருகிறவர்களிடம் வாயடிக்கத்தான் பிடிக்கும். அப்படியும் நான் சந்தோஷமாக இருப்பதற்கு முக்கியமான காரணம் என்னவென்றால்...

“ஏலே, எழுதிக் கிழிச்சது போதும். டீ எங்கல?”

கப்பல் மேலிருந்து மேஸ்திரி. சிவப்புக் கையுறை உயர்கிறது, உள்ளங்கை விரிகிறது.

நிறுத்திவிட்டேன்.