அண்ணாவின் மூச்சு

புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில், பாடகி பாடுமுன் மூச்சை இழுத்ததுகூடக் கேட்டது. அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

யுத்த காலத்தில், எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் அப்பாவின் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு நின்றன. ஜெர்மனிக்குப் போன அண்ணா கசெட்டில் பேசி அனுப்புவார். தமிழ்ப் பேச்சு தெருவுக்குக் கேட்டால் சந்தேகப்படுவார்களென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, அம்மா ஸ்பீக்கரோடு ஒட்டி அமர்ந்து கேட்பார்.

ஒருநாள் அம்மா சொன்னார்: "பிள்ளைக்கு நெஞ்சுச்சளி. மூச்சு இழுக்குது."

"இஞ்சரும், அது கசெட் இரைச்சல்," என்றார் அப்பா.

"என்ர பிள்ளையின்ர மூச்சு எனக்குத் தெரியாதோ?"

அடுத்த மாதம் அண்ணாவின் சிநேகிதர் கடிதம் எழுதினார். நியூமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணா தேறிவிட்டாராம். அம்மா அந்தக் கசெட்டையே மறுபடி போடச் சொன்னார்.

பாட்டு முடிந்தது. எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதென்று சொல்ல, இந்த வீட்டில் எனக்கு ஒருவருமில்லை.