பூஜ்யம் என்று சொன்ன வெள்ளிக்கிழமை

கீழ்முதுகு நரம்பு வலிக்காகக் கோவையில் நடக்கும் ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். கிணத்துக்கடவில் தனியாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் நர்ஸ் பெண் போன் செய்வாள்.

"ஏனுங்கம்மா, வலி பத்துக்கு எத்தனைங்க? கால் மரத்துப்போகுதுங்களா?"

இடது காலுக்கு இறங்கும் வலி ஆறு, நான்கு என்று குறைந்து, அந்த வாரம் சுத்தமாக நின்றிருந்தது.

"பூஜ்யந்தானுங் கண்ணு. வேற ஒன்னுமில்லை."

கால் மதமதவென்று இருந்ததைச் சொல்லவில்லை. அத்தனை பாசமாகக் கேட்கிறவளிடம் குறை சொல்ல மனசு வரவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். காலையில் துடைத்த தரையில் ரத்தத் தடங்கள். எல்லாமே இடது கால். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஆருங்க அது?"

சுவரைப் பிடித்தபடி தடத்தின் பின்னாலேயே போனேன். போன் வருமுன் நான் தேங்காய் உடைத்த பின்வாசலில் அது தொடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். இப்போது இரண்டு வரிசை இருந்தது. இரண்டாவது என் காலடியில் முடிந்தது. குதிகாலில் தேங்காய்த் தொட்டியின் ஓட்டுச் சில்லு ஆழமாகக் குத்தியிருந்தது. பிடுங்கும்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"வலி போனது குணமில்லைங்கம்மா, நரம்பே அடங்கிட்டு வந்துருக்குது" என்றார் டாக்டர். மறுநாளே முதுகில் ஆபரேஷன்.

இப்போது போன் வருமுன் கண்ணை மூடி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கிறேன். சுண்டுவிரல் மட்டும் இன்னும் வேறு யாருடையதோ போல இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.