சேலம் ரோட்டு வளைவில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த ரோட்டிலாவது ஒரு வளைவு வந்தால் மட்டும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டட்டும். அது போதும்.

செந்தமிழ்ச்செல்வி கள்ளக்குறிச்சி நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். அவளுக்கு மனிதர்கள் மேல்தான் சந்தேகம். அதுவும் போர்டு வைக்கிற மனிதர்கள் மேல் நிறையவே.

நெடுஞ்சாலை ஓரத்து டிஜிட்டல் போர்டுகளுக்கு அந்த வருஷம் நகராட்சி கட்டுப்பாடு கொண்டுவந்திருந்தது. வளைவில் போர்டு கூடாது. படம் அசையக் கூடாது. இருட்டினால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றிவிட்டார்கள். சின்னசேலம் போகும் ரோட்டில், நகராட்சி எல்லை முடிகிற வளைவில் நின்ற விளம்பரக்காரர் தமிழழகனின் போர்டு மட்டும் அப்படியே நின்றது.

"நோட்டீஸ் வந்த அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டேன் மேடம். கிரேன் கெடைச்சதும் எறக்கிடறேன்" என்று தமிழழகன் போனில் சத்தியம் செய்தார்.

ஆனால் புகார் நிற்கவில்லை. கண் கூசுகிறது, வண்டி தடுமாறுகிறது, ஏதோ பிறந்தநாள் வாழ்த்து ஓடுகிறது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஆபீஸ் ஆட்கள் வீட்டுக்குப் போனபிறகு தமிழழகன் சுவிட்சைப் போடுகிறார் என்று செந்தமிழ்ச்செல்வி முடிவுகட்டினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம் எலெக்ட்ரீசியன் வீரமணியை அழைத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினாள்.

அவர்கள் போனபோது வெளிச்சம் முழுதாகப் போகவில்லை. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. போர்டு கறுப்பாக, ஊமையாக நின்றது. எதிரே ஒரு தள்ளுவண்டியில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி மக்காச்சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் இருசம்மாள்.

"ஏம்மா, இந்தப் போர்டை எத்தனை மணிக்குப் போடறாங்க?"

"யாரும் போடறதில்ல மேடம். அதுவா எரியும்."

"அதுவா எப்படி எரியும்?"

இருசம்மாள் சோளக் கருதைத் திருப்பிப் போட்டாள்.

செந்தமிழ்ச்செல்வி கவனித்தாள். வியாபாரம் வருவது ரோட்டிலிருந்து. ஆனால் இவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டைப் பார்த்து நிற்கிறாள். அதிகாரிகள் வந்தால் தமிழழகனுக்குத் தகவல் சொல்கிறவளோ?

வீரமணி கம்பத்தடியில் இருந்த பெட்டியைத் திறந்தார்.

"மேடம், ப்யூஸே இல்ல. வயரைக்கூட உருவிக்கினு போய்ட்டாங்க."

"பேட்டரி? ஜெனரேட்டர்?"

இருவரும் டார்ச் அடித்துச் சுற்றிவந்தார்கள். கருவேலமுள் இருந்தது. காலி பாட்டில்கள் இருந்தன. வேறு எதுவும் இல்லை. அப்படியானால் தமிழழகன் சொன்னது உண்மையா? அதையும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க. இப்ப வந்துரும்" என்றாள் இருசம்மாள்.

வந்தது.

சத்தமே இல்லாமல் போர்டு எரிந்தது. ரோடு முழுக்க வெளிச்சம். பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடையோடு ஏழெட்டு வயசுப் பாப்பா ஒருத்தி நின்றாள். மேலே 'பிறந்தநாள் வாழ்த்து' என்று பெரிய எழுத்து. பெயர் இல்லை. தேதி இல்லை. கீழே வழக்கம்போல வாழ்த்துகிறவர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக.

அங்கேதான் ஏதோ சரியில்லை.

வாழ்த்துகிறவர்கள் சிரிப்பார்கள். கும்பிடுவார்கள். இந்த முகங்கள் எதுவும் செய்யவில்லை. ஒரு பெரியவரின் வாய் பாதி திறந்திருந்தது. ஒரு பெண்ணுக்குக் கண் மூடியிருந்தது. கடைசி வட்டம் காலி.

"பேட்டரியை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கான். மேல ஏறிப் பாருங்க வீரமணி."

வீரமணி இரும்பு ஏணியில் ஏறிப் போர்டுக்குப் பின்னால் போனார்.

"மேடம்... பேனல் ஜில்லுனு இருக்குது."

"ஃபேன் ஓடுதா?"

"ஓடல..."

ஒரு சத்தம் வந்தது. டொக்... டொக்... டொக்.

"எதைத் தட்டறீங்க?"

"நான் தட்டல மேடம்."

மடமடவென்று இறங்கிவிட்டார். "உள்ள இருந்து தட்டுது" என்று மட்டும் சொன்னார்.

இருசம்மாள் அருகில் வந்து நின்றாள்.

"ரெண்டாவது வட்டத்தைப் பாருங்க. நெத்தியில தழும்பு இருக்குதே... எங்க வூட்டுக்காரரு. போன தை மாசம் இங்கதான் அடிபட்டு செத்தாரு."

"மத்தவங்க?" என்றாள் செந்தமிழ்ச்செல்வி மெதுவாக.

"அவுங்களும் இங்கதான்."

அப்போது சின்னசேலம் பக்கமிருந்து ஒரு கார் வந்தது.

செந்தமிழ்ச்செல்வி போர்டைப் பார்த்தாள்.

வாழ்த்து இருந்தது.

வட்டங்கள் இருந்தன.

பாப்பா இல்லை.

கடைசி வட்டத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ சேர்ந்தது. தாடி... கண்ணாடி... வெள்ளைத் தொப்பி...

"நிறுத்துங்க!" அவள் ரோட்டை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினாள். டார்ச்சை ஆட்டினாள்.

கிரீச்ச்ச்...

கார் சுழன்றது. புளியமரத்தை உரசியது.

நின்றது.

வட்டத்தில் பாதி வந்த முகம் கலைந்தது. போர்டு அணைந்தது.

காரிலிருந்து ஒருவர் தட்டுத்தடுமாறி இறங்கினார். ஜவுளிக்கடை கவுஸ் பாஷா. மனைவி காசிம் பீவி உள்ளே அழுதுகொண்டிருந்தார்.

"பாப்பா எங்க? பச்சைப் பாவாடை கட்டிக்கினு குறுக்க ஓடியாந்துச்சே! யா அல்லா, அடிச்சுட்டனா?"

"யாரும் வரலீங்க, நான் பாத்துக்கினுதானே இருந்தேன்" என்றார் காசிம் பீவி.

வண்டிக்கடியில் தேடினார்கள். முள்ளுக்குள் தேடினார்கள். யாரும் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் கவுஸ் பாஷா திரும்பினார். தாடி. கண்ணாடி. வெள்ளைத் தொப்பி. செந்தமிழ்ச்செல்வி அணைந்து கிடந்த போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே நகராட்சியே கிரேன் பிடித்துக்கொடுத்தது. தமிழழகனின் ஆட்கள் போர்டை இறக்கினார்கள். இருசம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்தே ஆவணுமா மேடம்?"

"ஆமாம்மா."

"அப்பறம் அவரை நான் எங்க போய்ப் பாக்கறது?"

செந்தமிழ்ச்செல்வி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் அந்தப் பாப்பா யார் என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. வேறு வேலையாகப் போலீஸ் ஸ்டேஷன் போனபோது சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டே விட்டாள்.

"கொழந்தையா?" அவர் யோசித்தார். "அந்த வளைவுல செத்தவங்க எல்லாரும் பெரியவங்க மேடம். கொழந்தை யாரும் சாகல. போர்டு வெச்சப்பறந்தான் அங்க சாவே விழ ஆரம்பிச்சுது."

வெளியே வந்ததும் தமிழழகனுக்குப் போன் போட்டாள்.

"பிறந்தநாள் வாழ்த்தா? நான் நகைக்கடை, சிமெண்ட் தவிர வேற எதுவும் ஓட்டினதில்ல மேடம். சத்தியமா."

"இந்தப் போர்டை எங்க வாங்கினீங்க?"

"பழசுதான் மேடம். வேற ஒரு ஊரு ஹைவேயில கழட்டினது. அங்கயும் ஆக்சிடெண்ட் ஜாஸ்தின்னு எடுக்கச் சொல்லிட்டாங்களாம்."

"இப்ப அது எங்க இருக்குது?"

"அன்னைக்கே வித்துட்டேன் மேடம். லாரி கொண்டாந்து ஏத்திக்கினு போய்ட்டாங்க."

"எந்த ஊருக்கு?"

"ஊரு பேரு கேக்கலியே மேடம். நல்ல வளைவு ஒண்ணு கெடைச்சிருக்குதுன்னு மட்டும் சொன்னாங்க."