அத்தானின் கடிகாரத்தில் மாவு

அத்தானுக்கு ரொட்டி சுடத் தெரியும். மற்றதெல்லாமும் தெரியும் என்பது அவர் கட்சி. அடுப்பு புகைந்தால் செங்கல் சரியில்லை. ரொட்டி கருகினால் வாங்க வந்தவன் கண் சரியில்லை. அக்கா இறந்து சில வாரங்களில், கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகு இறுகிப்போனது. தீர்ப்பு உடனே வந்தது: கம்பெனி சரியில்லை.

ரொட்டிக் கடை திறந்த அன்று அக்கா கட்டிவிட்ட கடிகாரம். அவள் போன பிறகு அத்தான் அதைக் கழற்றுவதே இல்லை. குளிக்கும்போது அந்தக் கை மட்டும் தலைக்கு மேலே நிற்கும், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

ஒருநாள் திருகைச் சுற்ற இடுக்கியை எடுத்தார்.

"அத்தான், உடைஞ்சிடும். ரிப்பேர் கடைக்குப் போவோம்."

"காலேஜ்ல கடிகாரமும் படிச்சியோ?"

"இல்ல. இடுக்கி வேணாம்னு ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க."

ரிப்பேர்காரரின் மேசைமேல் கையை வைத்தார், நாடி பார்க்கச் சொல்வதுபோல.

"கழட்டுங்க."

"கையோட பாருங்க."

"ஏங்க, பல் டாக்டர்கிட்டதான் வாயோட போகணும். எனக்குக் கடிகாரம் மட்டும் போதும்."

"கழட்டினா நின்னுடும்," என்றார் அத்தான், தரையைப் பார்த்து.

"சாவி ஏறலேன்னா கையில இருந்தாலும் நிக்கத்தான் செய்யும்."

அத்தானே வாரை அவிழ்த்தார். மணிக்கட்டில் வெளுத்த தோல் ஒரு பட்டையாகத் தெரிந்தது.

ரிப்பேர்காரர் திருகை உருவி, ஊசிமுனையால் எதையோ சுரண்டினார். காய்ந்த துகள்கள் உதிர்ந்தன.

"ஸ்பிரிங்ல குறையில்ல. திருகுக்கு அடியில மாவு. பிசைஞ்ச கையோடயே சாவி கொடுப்பீங்களா?"

"முன்னால இப்படி ஆனதில்லையே."

"முன்னால யாரு கொடுப்பாங்க?"

அத்தான் சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். எனக்குத் தெரியும். விடியற்காலையில் அவர் வலது கை மாவில் இருக்கும். அக்கா தன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துச் சாவி கொடுத்துவிட்டுப் போவாள். அவர் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

துடைத்து, துளி மசகு வைத்ததும் திருகு இலேசாகச் சுற்றியது. "இனிமே காஞ்ச கையா பார்த்துச் சாவி கொடுங்க," என்றார் ரிப்பேர்காரர்.

மறுநாள் விடியற்காலை அத்தான் மாவில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையை என்னிடம் நீட்டினார்.

"ஒரு வேலைக்கும் போகாத கைதானே, மச்சான். சுத்தமா இருக்கும். சாவி கொடு."

ஆக, பட்டம் வாங்கியதற்கு ஒருவழியாக வேலை கிடைத்தது.

"மெதுவா," என்றார். "அவ அழுத்தமாட்டா."

மெதுவாகவே சுற்றினேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவைத் திட்டினார்: "எவனோ தண்ணிய அதிகமா ஊத்திட்டான்."

அந்தக் கடையில் மாவு பிசைபவர் அவர் ஒருவர்தான்.