காதில் விட்ட தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை, தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில், ஓர் ஆட்டின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு நின்றேன். சுற்றிலும் கூட்டம். பாதிப் பேர் போனில் வீடியோ எடுத்தார்கள். மீதிப் பேர் திட்டினார்கள்.

எழுபத்து நான்கு வயதில் இது தேவையா? தேவைதான். ஏனென்று சொல்கிறேன்.

அங்கே வழக்கம் இது. நேர்ந்துவிட்ட ஆட்டைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று — வெட்டலாம். மூன்று தரம் ஊற்றியும் சிலுப்பாவிட்டால்? சாமிக்கு வேண்டாம். அவிழ்த்துவிட வேண்டும்.

ஞாயிறன்று ஆடு சிலுப்பவில்லை. மலைத் தூறலில் வளர்ந்த ஆடு, ஒரு செம்புத் தண்ணீரையா பொருட்படுத்தும்? மூன்றாம் தரமும் ஊற்றினார்கள். கழுத்து மாலையிலிருந்த வேப்பிலையை மென்றபடி நின்றது. மேளம் ஓய்ந்தது.

கோயில் தலைவர் செல்வராஜ் என்னிடம் வந்தார். ஓய்வுபெற்ற அரசாங்க மிருக வைத்தியர் என்று வருடாவருடம் என்னை அம்பிட்டியவிலிருந்து அழைத்து மாலை போடுபவர் அவர்தான்.

"ஐயா, நம்ம டாக்டர் முறையில ஒருக்கா பாத்துருவோமா?"

டாக்டர் முறை! அந்த டாக்டர் நான்தான்.

பேராதனையில் மிருக வைத்தியப் படிப்பை முடித்து வேலைக்கு வந்த புதிது. இதே கோயில். இதே மாதிரி சிலுப்பாத ஓர் ஆடு. அதை நேர்ந்துவிட்டவள் மாரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வேண்டிக்கொண்டாள். பிறகு அந்தக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். மூன்றாம் தரமும் ஆடு அசையாமல் நின்றபோது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பூசாரி கயிற்றை அவிழ்க்கப் போனார்.

எனக்கோ, தோட்டத்து லய வீட்டிலிருந்து படிக்கப் போனவன் எவ்வளவு தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும்.

"காதுக்குள்ள ரெண்டு சொட்டு விடுங்க. தன்னால தலைய ஆட்டும்" என்றேன்.

விட்டார்கள். ஆட்டியது. ஒரே வெட்டு. ஆளாளுக்கு என் தோளில் தட்டினார்கள். மாரியாயி மட்டும் வெறுங்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"சாமி வேணாம்னுச்சுங்க ஐயா. நீங்கதான் வேணும்னீங்க."

அன்று சிரித்துச் சமாளித்தேன். காதில் தண்ணீர் போனால் தலையை உதறுவது நரம்பின் வேலை. அதைச் சாமியின் உத்தரவாக்கியவன் நான். என் யோசனை பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. தப்பியிருக்க வேண்டிய ஆடுகள் எத்தனையோ... மாரியாயியிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் தொழிலில் எந்த நோயாளியும் சம்மதம் சொல்வதில்லை. சொந்தக்காரர் சொல்வார், நாங்கள் செய்வோம். சம்மதமா என்று ஒரு பிராணியிடம் கேட்கும் வழக்கம் நானறிய அந்தக் கோயில் வாசலில்தான் இருந்தது. படித்த நான் போய் அதைக் கெடுத்தேன்.

ஆகவே ஞாயிறன்று, "காதுல ஊத்தக் கூடாது" என்றேன்.

"என்னாங்கய்யா இது? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"ஆமா. நான் சொல்லிக் குடுத்தது பித்தலாட்டம். காதுல தண்ணி போனா நீங்களுந்தான் தலைய ஆட்டுவீங்க தலைவரே. அதுக்காக உங்கள வெட்டிறலாமா?"

கூட்டம் சிரித்தது. செல்வராஜ் சிரிக்கவில்லை. "அடுப்பு மூட்டியாச்சு. சனத்துக்கு என்னா பதில் சொல்றது?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "பென்ஷன் வந்தோன்ன ஐயா சைவமாயிட்டாரு போல!"

"முந்தாநேத்தும் ஆட்டுக்கறிதான்டா தின்னேன்! கறி வேணும்னா கடையில வாங்குங்க. சாமி கேட்டுச்சுன்னு பொய் சொல்லாதீங்க."

யாரோ செம்போடு ஆட்டின் தலைப்பக்கம் நகர்ந்தார்கள். அப்போதுதான் போய்க் காதுகளைப் பொத்தினேன்.

"முதுகுல எத்தன தரம் வேணும்னாலும் ஊத்துங்க. காதுல விடமாட்டேன்!"

நான்காம் தரம் ஊற்றினார்கள். என் சட்டைக் கை முழுக்க மஞ்சள். சிலுப்பியிருந்தால்? கையை எடுத்துவிட்டு விலகியிருப்பேன். அதுதானே நியாயம்? ஆடு அசையவில்லை.

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். "போதும் தலைவரே. வேணாங்குது. அவுத்து விடுங்க."

இதைப் படித்துவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் திட்டு வரும். பலியையே முழுதாக நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு பக்கம். வழக்கத்தில் கை வைத்தது சரியா என்று மறுபக்கம். தாராளமாகத் திட்டுங்கள். வழக்கத்தில் நான் கை வைத்தது மாரியாயியின் ஆடு நின்ற அன்றுதான். ஞாயிறன்று, வைத்த கையை எடுத்தேன். அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டுக்குப் பருப்பும் பூசணிக்காயும். பரிமாறியவர்கள் என் இலைக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள். புறப்படும்போது செல்வராஜ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வயசாயிருச்சுங்கய்யா. அடுத்த வருஷம் ஒங்களக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணல."

"பரவாயில்ல தலைவரே... இங்க வர எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும்."