சார் கண்ணாடியைக் கழற்றினால்

பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தபலா வாசிக்கும் பஷீர் போன் செய்தார். “அக்கா, சார் போயிட்டாருங்க” என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ஒரே சார்தான், கீபோர்டு அந்தோணிராஜ். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய கண்ணாடியையும் தெரியும். பாலக்கரை மாடி அறையில் ஞாயிறு மதியம் ஒத்திகை. யாராவது தவறினால் கத்தமாட்டார், கண்ணாடியைக் கழற்றுவார். உடனே நிறுத்திவிடுவோம். மறுபடி மாட்டிக்கொண்டு, “விட்ட எடத்துலேருந்து போவோம்” என்பார். தவறிய இரண்டு வரியை மட்டும் மெதுவாக நாலு தடவை வாசிக்க வைப்பார். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப எடுத்து உயிரை வாங்கமாட்டார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து நான் வயலினோடு அங்கே போய்ச் சேர்ந்தது, வேறொரு குழுவில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டு வாங்கிய பிறகு. இங்கேயும் திட்டினால் வயலினை மூட்டைகட்டி வைத்துவிடுவது என்றிருந்தேன். முதல் நாளே சுருதி தப்பியது. கண்ணாடி இறங்கியது. “நான்தான் சார்” என்றேன், அழாத குறையாக.

“யாரும்மா அது? கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு மூஞ்சியும் தெரியாது. அதுக்குத்தானே கழட்டுறேன்” என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

தொட்டியத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை விளக்கின் சூட்டில், வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பாட்டின் நடுவில் மொத்தக் குழுவும் கப்சிப். மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். சார் மைக்கைப் பிடித்து, “மன்னிச்சுக்குங்க, ரிகர்சல் கொஞ்சம் அதிகமா பண்ணிட்டோம்” என்றார். மண்டபமே சிரித்தது.

பெட்டியில் அவரைக் கண்ணாடி இல்லாமல் கிடத்தியிருந்தார்கள். பேசிக்கொண்டே உள்ளே வந்த பஷீர் சட்டென்று நிறுத்திவிட்டார். யாராவது அதை மாட்டிவிடுங்களேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு.

போன ஞாயிறு ஒத்திகையை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டாவது பாட்டிலேயே டிரம்ஸ் தாளம் தப்பியது. என் கண் நேராக டிரம்ஸ் வாசிக்கும் மேரியிடம் போனது. நாக்கு நுனியில் அவள் பெயர். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு காலத்தில் என்னுடையது.

கழற்ற என்னிடம் கண்ணாடி இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாரும் நிறுத்தினார்கள்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான், தப்பு நடக்கும்போது யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பது. திறந்தால் அழுதுவிடுவேன் என்பதால், மூடிய கண்ணோடே சொன்னேன்:

“விட்ட எடத்துலேருந்து போவோம்.”