புதுமண்டபத்துத் திருநீறு

இன்று சட்டைக்கு அளவு கொடுக்க, சிலைத்தூண்களுக்கு நடுவே தையல்கடைகள் இருக்கும் புதுமண்டபம் போயிருந்தேன்.

தையல்காரருக்காகக் காத்திருந்த ஒருவர் வெற்றிலை போட்டார். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணிலிருந்த சிலையின் பாதத்தில் தடவினார். நான் கேட்டேன்:

“ஏன்யா, சிலையிலயா தடவுவீக?”

“பெறகு வேட்டியிலயா தடவுறது?” என்றவர், அங்கேயே புளிச்சென்று துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த நிமிடம், மகளோடு ஜட்கா வண்டியில் வந்திறங்கிய ஓர் அம்மாள் அந்தச் சுண்ணாம்பைத் திருநீறு என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டார். தானும் பூசி, மகளுக்கும் பூசினார்.

நான் வாயைத் திறப்பதற்குள், “எழுமலையிலேர்ந்து வாரோம் தம்பி, மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க. நீயும் பூசிக்க” என்று என் நெற்றியிலும் இழுத்துவிட்டார்.

நான் கைகூப்பினேன்.

நெற்றி இன்னும் எரிகிறது. தடவிவிட்டுப் போனவர் அசிங்கமா, உண்மையைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்த நான் அசிங்கமா? நீங்களே சொல்லுங்கள்.